மெஷின் காட்டும் கொழுப்பும் டேப் காட்டும் இடுப்பும்

டீயை மெதுவாகக் குடியுங்கள், அவசரமில்லை. புதிதாக வாங்கிய எடை மெஷினில் வெறுங்காலோடு ஏறி நின்றீர்கள். நேற்று ராத்திரி உடல் கொழுப்பு 29.8 சதவீதம் என்றது, இன்று காலை 31.4 என்கிறது. தூங்கி எழுவதற்குள் ஒரு கிலோவுக்கு மேல் கொழுப்பு ஏறுமா என்று கேட்கிறீர்கள். ஏறாது. அந்த மெஷின் கொழுப்பை நேராக அளப்பதே இல்லை.

அது அளப்பது இரண்டைத்தான். ஒன்று உங்கள் எடை. இன்னொன்று, உங்கள் உடம்பு மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடை. கால் வைக்கும் உலோகத் தகடுகள் வழியாக, நாம் உணரவே முடியாத அளவுக்குச் சிறிய மின்னோட்டத்தை அது அனுப்புகிறது. ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடாதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோமே, அதே சங்கதிதான்: உப்புக் கலந்த தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும். தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பில் தண்ணீர் கொஞ்சம்தான், அதனால் தடை அதிகம். ஒரு கால் வழியாக ஏறிய மின்சாரம் அடிவயிற்றைத் தொட்டு மறுகால் வழியாக இறங்கிவிடுகிறது. மார்பு, தோள், கை பக்கம் அது அநேகமாகப் போவதே இல்லை. அந்தப் பகுதிக்கான கணக்கை, மெஷினோடு இணைந்த போன் ஆப்பில் நீங்கள் பதிந்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து மெஷின் ஊகித்துக்கொள்கிறது. சந்தேகமாக இருந்தால் வயதை மட்டும் இருபது கூட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள். உடம்பு அதேதான், ஆனால் கொழுப்பு எண் பெரும்பாலும் மாறிவிடும். 'விசரல் ஃபேட்', அதாவது உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு என்று தனியாக ஓர் எண் காட்டுகிறதே, அதுவும் இப்படிப் போட்ட கணக்குதான்.

காலையில் எண் கூடியதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை, உடம்பில் ஈரம் குறைந்தது, தடை கூடியது, மெஷின் அதைக் கொழுப்பு என்று எழுதிவிட்டது. இப்போது குடிக்கிறீர்களே இந்த டீ, இதை முடித்த கையோடு ஏறினாலும் கொழுப்பு கொஞ்சம் கூடித்தான் காட்டும். டீ வயிற்றில்தான் இருக்கிறது, மின்சாரத்தின் பாதை மாறவில்லை; எடை மட்டும் ஏறியிருக்கிறது. ஏறிய எடையை மெஷின் கொழுப்புக் கணக்கில் சேர்த்துவிடும்.

அதற்காக அதைப் பரணில் போட வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், காலைக்கடன் முடித்து, எதுவும் சாப்பிடும் முன், காய்ந்த காலோடு ஏறுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள், ஒரு வாரத்துச் சராசரியைப் போன வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் இந்த மெஷினில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.

ஆனால் நம்மவர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியது, தையல்காரர் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப் என்பேன். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் யட்கின். எடையை உயரத்தோடு பொருத்திப் பார்க்கும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான், 22.3. எக்ஸ்ரே ஸ்கேனில் பார்த்தபோது யட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் இந்தியருக்கு உள்ளே கொழுப்பு இருக்கலாம் என்பதை அந்த ஒரு படம் உலகத்துக்குக் காட்டியது. அந்தக் கொழுப்பு நமக்கு வயிற்றுப் பக்கம்தான் அதிகம் சேர்கிறது. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி வகுப்பது, குடலையும் ஈரலையும் சுற்றிப் படியும் அந்தக் கொழுப்புதான்.

பேண்ட் சைஸை நம்பாதீர்கள். 34தான் போடுகிறேன் என்று சொல்லும் பலர் தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டுகிறவர்கள். சட்டையைத் தூக்குங்கள். விலாவின் கடைசி எலும்பை விரலால் தொடுங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிடும், கண்ணாடியில் பார்த்துச் சரி செய்யுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் படியுங்கள். சதையில் டேப் அழுந்தக் கூடாது. ரொம்பப் பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், ஒரு ஸ்கேலோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெற்காசியர்களுக்குச் சொல்லப்படும் வரம்பு, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைவிட எளிது, இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது: 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு 80க்குள்.

சதவீதம் வேண்டியே தீர வேண்டுமென்றால், கழுத்தையும் தொப்புள் மட்டத்தில் வயிற்றையும் அளந்து உயரத்தோடு சேர்த்துப் போடும் அமெரிக்கக் கடற்படைக் கணக்கு ஒன்று இருக்கிறது. பெண்களுக்கு வயிற்றை மிகக் குறுகிய இடத்தில் அளப்பார்கள், புட்டச் சுற்றளவும் சேரும். 170 சென்டிமீட்டர் உயரம், கழுத்து 38, வயிறு 90 உள்ள ஆணுக்கு அது சுமார் 21.7 சதவீதம் தரும். அதே வயிற்றை 88 என்று அளந்துவிட்டால் 20.2. இரண்டு சென்டிமீட்டர் தவறினாலே ஒன்றரை சதவீதம் போய்விடுகிறது. அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வரம்பைத் தாண்டியிருந்தால், எடை சரியாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாமல், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.