திரையில் துப்பாக்கி வெடித்தால் நாம் ஏன் கைதட்டுகிறோம்?

(‘போலீஸ் படங்களும் நம் இரசிகர்களும்’ என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்த் திரையுலகில் போலீஸ் படத்துக்கு என்றுமே தனி மவுசு உண்டு. காக்கிச் சட்டை, முறுக்கு மீசை, அனல் பறக்கும் வசனம், இடைவேளைக்கு முன் ஒரு சண்டை, கடைசியில் வில்லன் மார்பில் ஒரு குண்டு. சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், அலோர் ஸ்டார் என்று கெடாவில் நம்மவர்கள் எங்கே கூடினாலும், “போலீஸ் படம்னா இதுதான்” என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள்.

அந்தக் கடைசிக் குண்டுக்கு விழுகிற கைதட்டலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். படம் பார்க்காதீர்கள் என்று சொல்வது என் நோக்கமல்ல. நானும் உங்களோடு உட்கார்ந்து இரசிப்பவன்தான். ஆனால், இரசித்து முடித்த பிறகு நம் பிள்ளைகளின் மனத்தில் எது தங்குகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும் அல்லவா?

கடமையிலிருந்து என்கவுண்டருக்கு

1974-இல் வந்தது ‘தங்கப்பதக்கம்’. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் எஸ்.பி. சௌத்ரியாக வாழ்ந்து காட்டிய படம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்து மனிதர்களிடம் கேட்டால் இன்றும் அந்த நடையைச் சொல்வார்கள். பெற்ற மகனே நாட்டுக்குத் துரோகியாக மாறியபோது, அவனைச் சுடுகிறார் தந்தை. அங்கே துப்பாக்கி வெடித்தபோது கொட்டகையில் கண்ணீர்தான் வந்தது. சுடுவது ஒரு தண்டனை. சுடுபவருக்கும் அது தண்டனை என்று அந்தப் படம் உணர்த்தியது.

1982-இல் ‘மூன்று முகம்’ படத்தில் ரஜினிகாந்தின் அலெக்ஸ் பாண்டியன் வந்தார். 1990-இல் விஜயகாந்தின் ‘புலன் விசாரணை’, 1993-இல் சத்யராஜின் ‘வால்டர் வெற்றிவேல்’ என்று வரிசை நீண்டது.

பெரிய திருப்பம் 2003-இல் நடந்தது. அந்த ஆண்டு மே மாதம் ஹரி இயக்கத்தில் விக்ரம் நடித்த ‘சாமி’; ஆகஸ்டு மாதம் கௌதம் மேனன் இயக்கத்தில் சூர்யா நடித்த ‘காக்க காக்க’. வி.சி.டி.யும் ஆஸ்ட்ரோவும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம் அது. ‘சாமி’யில் வில்லன் பெருமாள் பிச்சையை நாயகன் இரகசியமாகக் கொன்றுவிட்டு, அவன் தலைமறைவாகிவிட்டான் என்று ஊரை நம்ப வைக்கிறான். ‘காக்க காக்க’வின் அன்புச்செல்வன், குண்டர்களைச் சுட்டுத் தீர்க்கும் சிறப்புப் படையில் ஒருவன். ‘என்கவுண்டர்’ என்ற சொல் நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் பழகிப்போனது அதன் பிறகுதான். 2006-இல் ‘வேட்டையாடு விளையாடு’, 2010-இல் ‘சிங்கம்’ என்று அந்த அலை தொடர்ந்தது.

நேயர்கள் சொல்லும் மூன்று கருத்துகள்

இந்தப் படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் மூன்று விதமான கருத்துகளைக் கேட்கலாம்.

முதலாவது, இளைஞர்களின் கருத்து. “நாயகனின் மிடுக்கு, முடிவெட்டு, வேகம் இதெல்லாம் பிடிக்கிறது. படம் படம்தான், அதில் என்ன பாடம்?” என்பார்கள்.

இரண்டாவது, குடும்பத் தலைவர்களின் கருத்து. “குண்டர் கும்பல் பிள்ளைகளைக் கெடுக்கிறது. வழக்கு என்று போனால் ஆண்டுக் கணக்கில் இழுக்கிறது. இப்படி ஓர் அதிகாரி நம்ம ஊருக்கு வந்தால் இரண்டே வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும்” என்பது அவர்கள் வாதம்.

மூன்றாவது, தாய்மார்களிடம் அதிகம் கேட்கும் கருத்து. “அடிபடுகிற பையன் யார் பெற்ற பிள்ளையோ!” இதைச் சொன்னதும் வீட்டில் உள்ளவர்கள் சிரித்துவிடுவார்கள். ஆனால், மூன்றில் அதிகம் யோசிக்க வைப்பது இந்தக் கருத்துதான்.

இரண்டாவது கருத்தையும் நாம் எள்ளி நகையாடக் கூடாது. இரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயத்தை விட்டு நம் குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தன. தோட்டத்தில் கோயிலும் பள்ளியும் உறவும் பிள்ளையைக் கவனித்துக்கொண்டன. பட்டணத்தில் அந்த இடத்தைத் தெருமுனைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த நம் நாட்டுத் தமிழ்ப் படம் ‘ஜகாட்’ இந்த வலியைத்தான் சொன்னது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்வு பெற்றது. ஆகவே, குண்டர் கும்பலைக் கண்டு நடுங்கும் பெற்றோரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபம்தான் கொட்டகையில் கைதட்டலாக மாறுகிறது.

கேமராவுக்குத் தெரிந்தது போலீசுக்குத் தெரியுமா?

இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தில் வில்லன் கொலை செய்வதை நாம் முன்பே நம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். கேமரா நமக்குச் சாட்சி. ஆகவே நாயகன் சுடும்போது, “தவறான ஆளைச் சுட்டுவிட்டானோ?” என்ற கேள்வியே நமக்கு எழுவதில்லை.

வாழ்க்கையில் அப்படி ஒரு கேமரா கிடையாது. சந்தேகம்தான் இருக்கும். அந்தச் சந்தேகத்தைச் சான்றாக மாற்றுவதற்குத்தான் விசாரணை, அதைச் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் நீதிமன்றம்.

இந்தியாவின் ஹைதராபாத் அருகே 2019 நவம்பரில் ஓர் இளம் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. கைதான நால்வரையும் டிசம்பர் 6-ஆம் தேதி அதிகாலை போலீசார் சுட்டுக் கொன்றனர். மக்கள் போலீசார் மீது பூத்தூவினார்கள், பட்டாசு வெடித்தார்கள். அச்சு அசல் சினிமாவின் கடைசிக் காட்சி! பின்னர் இந்திய உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்று அது கூறியது. 10 போலீஸ்காரர்கள் மீது கொலைக் குற்ற விசாரணை நடத்தவும் பரிந்துரை செய்தது. நால்வரும் குற்றவாளிகளா, இல்லையா என்று இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது. இறந்த பெண்ணின் குடும்பத்துக்கும் முழு உண்மை கிடைக்காமல் போய்விட்டது.

கெடா மண்ணின் பழைய கணக்கு

துப்பாக்கி எப்போதும் வில்லனை நோக்கித்தான் திரும்பும் என்று நம்புகிறவர்கள் நம் சொந்த மாநிலத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் ‘தொண்டர் படை’ எழுந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும், தொழிலாளி மானத்தோடு வாழ வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் அவர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் ஏற்பட்டது. சில நாட்களில், மார்ச் மாதம், கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

கள்ளை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் அன்றைய காலனி அரசின் கண்ணுக்குக் கலகக்காரர்களாகத் தெரிந்தார்கள். யார் வில்லன் என்பதைத் துப்பாக்கி வைத்திருப்பவரே முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

அது வெள்ளைக்காரன் காலம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2009 ஜனவரியில் 22 வயது அ. குகன் சுபாங் ஜெயாவில் போலீஸ் தடுப்புக் காவலில் உயிரிழந்தார். 2013-இல் உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நம் வீடுகளில் யாரும் கைதட்டவில்லை. “யார் பெற்ற பிள்ளையோ” என்ற தாயின் சொல் அன்று பொருள் உள்ளதாகத் தெரிந்தது.

நம் காவல் துறையில் நேர்மையாக, உயிரைப் பணயம் வைத்து உழைப்பவர்கள் பலர். நம் இனத்தவரும் அங்கே பொறுப்புகளில் இருக்கிறார்கள். சட்டப்படி நடக்கும் அந்த அதிகாரிகளுக்கும் இந்த மாதிரிச் சம்பவங்களால்தான் கெட்ட பெயர்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

திரைப் போலீசைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு நிஜச் சட்டம் தெரிவதில்லை. பெற்றோரே, இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஒருவரைக் கைது செய்தால், அதற்கான காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துபேச அவருக்கு உரிமை உண்டு. இது கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு தரும் உரிமை.

இரண்டு: 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் தடுப்புக் காவல் உத்தரவு வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய குற்றமென்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், பிறகு 3 நாள். அதைவிடக் கடுமையான குற்றமென்றால் 7 நாள், பிறகு 7 நாள். சொஸ்மா, பொக்கா போன்ற தனிச் சட்டங்களில் கைதானால் இந்தக் கணக்கு வேறு.

மூன்று: வாக்குமூலம் வாங்குவதற்கு முன், குடும்பத்தினர் அல்லது நண்பர் ஒருவரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளலாம் என்பதைப் போலீசார் தெரிவிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இதைச் சொல்கிறது. சில அவசரச் சூழல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நான்கு: படத்தில் நாயகன் நான்கு அறை விட்டதும் குற்றவாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான், வழக்கு முடிந்தது. நம் நாட்டில், விசாரணையின்போது போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் பொதுவாக அரசுத் தரப்பு சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. அடித்து வாங்கிய சொல் நீதிமன்றத்தில் நிற்காது.

ஐந்து: வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 2012 முதல் இயங்கிவரும் தேசியச் சட்ட உதவி அறவாரியம், கைது, தடுப்புக் காவல் கட்டத்திலேயே மலேசியர்களுக்கு உதவுகிறது. பிள்ளை கைதானான் என்று தெரிந்தவுடன், எந்த நிலையம், என்ன குற்றம், எந்த நீதிமன்றம், எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த புள்ளியைத் தேடி அலைவதற்கு முன் வழக்கறிஞரைத் தேடுங்கள்.

போலீசார் மீது புகார் இருந்தாலும் வழி உண்டு. முன்னாள் தலைமை நீதிபதி முகமட் டைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பு வேண்டும் என்று 2005-இலேயே பரிந்துரைத்தது. இன்று இருப்பது 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுதந்திரப் போலீஸ் நடத்தை ஆணையம். அதற்குப் பரிந்துரைக்க மட்டுமே அதிகாரம், தண்டிக்க அதிகாரமில்லை என்ற குறை பேசப்படுகிறது. இருந்தாலும், எழுத்தில் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது.

திரையே மாறிய கதை

சினிமாக்காரர்களும் இதை யோசிக்காமல் இல்லை. வெற்றிமாறனின் ‘விசாரணை’ 2016-இல் திரைக்கு வந்தது. பிழைப்புக்காக ஆந்திரா சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்படும் கதை. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தம் சொந்த அனுபவத்தை எழுதிய நூல்தான் அதற்கு மூலம்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் போலீஸ் பிடியில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். அப்போது ‘சாமி’, ‘சிங்கம்’ படங்களை எடுத்த ஹரியே, காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார்.

2003-இல் அன்புச்செல்வனாகச் சுட்ட அதே சூர்யா, 2021-இல் ‘ஜெய் பீம்’ படத்தில் காவல் நிலைய மரணத்துக்கு நீதி கேட்கும் வழக்கறிஞராக வந்தார். அதை இயக்கிய த.செ. ஞானவேல் 2024-இல் ‘வேட்டையன்’ எடுத்தார். அதில் ரஜினிகாந்தின் என்கவுண்டர் அதிகாரி, நிரபராதி இளைஞன் ஒருவனைச் சுட்டுவிடுகிறார். அவன் குற்றவாளி என்று எல்லாரும் நம்பிய நேரம் அது.

நேயர்களே! அடுத்த முறை குடும்பத்தோடு போலீஸ் படம் பார்க்கும்போது தாராளமாகக் கைதட்டுங்கள். படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அவன்தான் குற்றவாளி என்று கேமரா நமக்குக் காட்டாமல் இருந்திருந்தால், நீ கைதட்டியிருப்பாயா?”

பிள்ளை என்ன பதில் சொல்கிறான் என்று பொறுமையாகக் கேளுங்கள். பிறகு, கைதானால் அவனுக்குள்ள உரிமைகளைச் சொல்லிக் கொடுங்கள். குண்டர் கும்பல் பக்கம் போகாதே என்று சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லுங்கள். இரண்டும் அவனைக் காப்பாற்றத்தான்.