யாழ்ப்பாணத்தில் ‘ஃபாரன்ஹீட் 451’

ரே பிராட்பரி 1953-இல் எழுதிய ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலில் தீயணைப்பாளர்கள் தீயை அணைப்பதில்லை. யார் வீட்டில் புத்தகம் இருக்கிறது என்று தேடிப்போய்க் கொளுத்துவதே அவர்கள் வேலை. அந்த வேலையில் இருக்கும் மொண்டாக், ஒளித்துவைத்த புத்தகம் ஒன்றை ஒரு மாலையில் வெளியே எடுத்து, மனைவியின் தோழிகளுக்குக் கவிதை வாசித்துக் காட்டுகிறான். அதுவரை சுவரை நிறைத்த தொலைக்காட்சியில் மூழ்கிக் கிடந்தவர்களில் ஒருத்தி விம்மி விம்மி அழத் தொடங்குகிறாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. இன்னொருத்திக்கோ கோபம் தலைக்கேறுகிறது. கவிதையால் வருவது கண்ணீர்தான், நல்லாயிருந்தவளை அழவைத்துவிட்டாயே என்று மொண்டாக்கைத் திட்டிவிட்டுப் போகிறாள்.

நாவலின் உயிர் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. அங்கே அரசு எடுத்த எடுப்பிலேயே தீ வைக்கவில்லை. யாருக்கும் மனம் நோகக்கூடாது, யோசித்துத் துக்கப்படக்கூடாது என்று சனங்களே வாசிப்பைக் கைவிட்டார்கள், சட்டமும் நெருப்பும் பிறகு வந்தவை என்று தீயணைப்புத் தலைவன் பீற்றி விளக்குகிறான். மொண்டாக்கின் மனைவி மில்ட்ரெட் தூக்க மாத்திரைகளை அளவுக்கு மிஞ்சி விழுங்கி மயிரிழையில் உயிர் தப்புகிறாள். விடிந்ததும் அப்படி ஒன்று நடந்ததே அவளுக்கு நினைவில்லை. பசிக்கிறது என்கிறாள். எரியும் வீடுகளைவிட வாசகரைப் பயமுறுத்துவது இந்த மறதிதான்.

யாழ்ப்பாணத்து வாசகரால் இதை எதிர்காலத்தைப் பற்றிய கதையாக வாசிக்க முடியாது.

1933 மே 10 அன்று பெர்லினில் மாணவர்கள் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். பிராட்பரியின் மனதில் கடைசிவரை கிடந்த நெருப்பு அது. அதே 1933-இல் யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா தன் வீட்டிலிருந்த நூல்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு குழு ஒன்று கூடி, ஒரே அறையில் ஏறத்தாழ ஆயிரம் நூல்களோடு அதை முறையான நூலகமாக்கியது. நாவல் வெளிவந்த மறு ஆண்டு, 1954-இல், இப்போதைய இடத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. லோங் அடிகளார் முன்னின்று உழைத்தார். நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் தந்தார். 1959-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதவு திறந்தது.

1981 மே 31 அன்று நாச்சிமார் கோவிலடியில் நடந்த தேர்தல் கூட்டத்தில் பொலிசார் சுடப்பட்டனர். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நான்கு நாட்களே இருந்தன. அதைத் தொடர்ந்த வெறியாட்டத்தில், சீருடையில் இருந்தவர்களும் அவர்களோடு கூடியவர்களும் ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகத்தை எரித்தார்கள், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீட்டை எரித்தார்கள், நூலகத்தையும் எரித்தார்கள். ஏட்டுச்சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. எவரும் தண்டிக்கப்படவில்லை. பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் நூலகம் எரிவதைக் கண்டு அதிர்ச்சியில் மாரடைத்து இறந்தார். கல்முனைக் கவிஞர் எம். ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதினார். பிராட்பரியின் கற்பனை நகரத்தில் புத்தகத்துக்காக அழத் தெரிந்தவர்கள் அரிது; யாழ்ப்பாணத்தில் ஊரே அழுதது. அந்த அழுகைதான் மறுபடி கட்டவும் வைத்தது. அடுத்த ஆண்டே வீடு வீடாக நூல்கள் சேர்ந்தன. 1984-இல் நூலகம் திரும்பத் திறந்தது. மறு ஆண்டே போர் அதைச் சிதைத்தது.

நாவலின் முடிவில் காட்டுக்குள் ஒதுங்கி வாழும் சிலர் ஆளுக்கொரு நூலை மனப்பாடம் செய்து காக்கிறார்கள். அழகான கற்பனைதான். ஆனால் யாழ்ப்பாணத்து அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. மயில்வாகனப் புலவரின் வரலாற்று நூலான ‘யாழ்ப்பாண வைபவமாலை’யின் கடைசிப் பிரதியும் தீயில் போனது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எரிந்த ஏடு திரும்ப வராது. ஆனால் அந்த நூல் அழியவில்லை. 1879-இலேயே பிறிற்றோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார், குல. சபாநாதன் தமிழில் பதிப்பித்திருந்தார். பல பிரதிகளாகப் பல கைகளுக்குப் போனதால்தான் அது பிழைத்தது. ஒரே பிரதியாக ஒரே கூரையின் கீழ் இருந்தவைதான் அடியோடு போயின.

தீயால் மட்டும் புத்தகம் அழிவதில்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்துச் சனம் போரால் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பிள்ளையையும் அரிசியையும் தூக்கியவர்களால் புத்தக அலுமாரியைத் தூக்க முடியவில்லை. அப்படிப் போன வீட்டு நூலகங்களுக்குக் கணக்கே இல்லை.

இன்றுள்ள வெண்ணிறக் கட்டடம் போர் முடிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பழைய வடிவிலேயே மீளக் கட்டப்பட்டது. முன்னால் சரஸ்வதி அமர்ந்திருக்கிறாள். கரிந்த கட்டடத்தை நினைவுச்சின்னமாக விட்டு, புதியதை வேறிடத்தில் கட்டலாம் என்று அப்போது சிலர் கேட்டார்கள். அந்தக் குரலுக்கு இன்னும் கூடிய மதிப்புக் கிடைத்திருக்க வேண்டும். வெளியே நின்று படம் எடுக்கிறவர் கண்ணுக்கு 1981 தெரிவதில்லை. சோமீதரனின் ‘எரியும் நினைவுகள்’ ஆவணப்படம் அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கிறது.

நூலக நிறுவனம் செய்வதோ இன்னும் பெரிய வேலை. 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், ‘மல்லிகை’ போன்ற சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள் எல்லாவற்றையும் யாரும் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். துருப்பிடித்த கம்பியைக் கழற்றி, பூச்சி அரித்த தாளை நிமிர்த்தி, ஒவ்வொரு பக்கமாக வருடியெடுக்கும் பொறுமையான வேலை இது. நினைவு மலர்களும் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு மலரில் அவரது ஊர், வம்சம், பிள்ளைகள், பிரிவைப் புலம்பும் பாட்டுகள் எல்லாம் இருக்கும். வரலாற்றுப் புத்தகங்களில் வராத ஆயிரக்கணக்கான மனிதரைப் பற்றி எஞ்சியிருக்கும் அச்சுப் பதிவு அநேகமாக அது ஒன்றுதான். இன்னும் எத்தனையோ கல்வெட்டுகள் வீட்டு அலுமாரிகளில், ஒவ்வொரு பிரதியாக, கறையான் எட்டும் உயரத்தில் கிடக்கின்றன. அவற்றை எடுத்துக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.