ஊர் பெயர்வோரின் கணக்கு

பிறந்த ஊரிலேயே வளர்ந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே கண்மூடுவோர் நம்மில் எத்தனை பேர்? நமது குடும்பங்களையே சற்று எண்ணிப் பார்ப்போம். பாட்டனார் பிறந்தது ஓர் ஊர். தந்தையார் உத்தியோகம் பார்த்தது வேறோர் ஊர். அன்னையார் மணமுடித்து வந்து சேர்ந்தது மற்றுமோர் ஊர். மக்களுள் ஒருவர் கொழும்பிலே, இன்னொருவர் கடல் கடந்த நாட்டிலே. இவற்றுக்கெல்லாம் ஊழ் என்றும், உத்தியோகம் என்றும், கலியாணம் என்றும் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு காரணம் சொல்லி அமைந்துவிடுகின்றோம். ஆனால், இலட்சக் கணக்கானோரின் பெயர்ச்சியை ஒருங்கே வைத்து நோக்கினால் அதிலே ஏதேனும் ஓர் ஒழுங்கு தென்படுமா?

இந்த வினாவை முதன்முதல் விரிவாக ஆராய்ந்த ஒருவரைப் பற்றியும், அவர் கண்ட விடை நமது இலங்கைக்கு எவ்வளவு தூரம் பொருந்துகின்றது என்பதைப் பற்றியும் இங்கே பார்ப்போம்.

படம் வரைந்தவர் கண்ட ஒழுங்கு

எர்ணஸ்ட் ஜோர்ஜ் ரேவன்ஸ்டைன் என்பவர் 1834ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்போட் நகரிலே பிறந்தவர். இளமையிலேயே இங்கிலாந்து சென்று, அந்நாட்டு யுத்தக் காரியாலயத்தின் நிலப்படப் பகுதியிற் பணிபுரிந்தார். ஊர் பெயர்ந்தோரைப் பற்றி ஆராயப் புகுந்தவர் தாமும் ஊர் பெயர்ந்தவராகவே இருந்தார்.

அக்காலத்தில் பிறப்பு இறப்புப் புள்ளிவிபரங்களை ஆராய்வதிற் பெரும் புகழ் பெற்றிருந்த வில்லியம் பார் என்னும் அறிஞர், மக்களின் பெயர்ச்சியிலே திட்டமான விதி எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை எனக் கருத்துரைத்திருந்தார். ரேவன்ஸ்டைனுக்கு அக்கருத்து உடன்பாடாக இல்லை. பிரித்தானியக் குடிசன மதிப்பின்போது ஒவ்வொருவரிடமும் பிறந்த இடம் எதுவென்று கேட்டுப் பதிந்திருந்தார்கள். பிறந்த மாவட்டத்தையும் வாழும் மாவட்டத்தையும் ஒப்பிட்டால், பெயர்ந்தவர் யார், எங்கிருந்து எங்கே பெயர்ந்தார் என்பது வெளியாகிவிடுமல்லவா? 1881ஆம் ஆண்டு மதிப்பை ஆதாரமாகக் கொண்டு அவர் இக்கணக்கைச் செய்து, 1885 மார்ச் மாதத்தில் லண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முன் வாசித்தார். 1889இல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றையும் வட அமெரிக்காவையும் சேர்த்து இரண்டாவது கட்டுரையை அளித்தார்.

அவர் கண்டவற்றுள் முதன்மையானது இது: பெயர்வோரிற் பெரும்பாலோர் நெடுந்தூரம் போவதில்லை. ஒரு நகரம் வளரும்போது அயற் கிராமத்தார் அங்கே செல்கின்றனர். அவர் விட்டுச் சென்ற இடத்தை அதற்கப்பாலுள்ள கிராமத்தார் நிரப்புகின்றனர். வரிசையில் முன்னால் நிற்பவர் ஓரடி நகரப் பின்னால் நிற்பவரும் ஓரடி நகர்வது போல, பெருநகரின் ஈர்ப்பு நாட்டின் கடைக்கோடிவரை படிப்படியாகச் செல்கின்றது. நெடுந்தூரம் போகத் துணிவோரோ பெரிய வர்த்தக நகரங்களையும் கைத்தொழில் நகரங்களையுமே நாடுகின்றனர். நகரிற் பிறந்தாரினும் கிராமத்திற் பிறந்தாரே மிகுதியாகப் பெயர்கின்றனர். ஒவ்வொரு பெருக்குக்கும் ஓர் எதிர்ப்பெருக்கு உண்டு. போவோர் உள்ளவிடத்துத் திரும்புவோரும் உளர்.

அன்றைய வாசகரை வியப்பில் ஆழ்த்தத்தக்க முடிபு மற்றொன்றும் உண்டு. பிறந்த நாட்டின் எல்லைக்குள் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாகப் பெயர்கின்றனர். எல்லை தாண்டித் தொலைவுக்குப் போவோரில் ஆண்களே அதிகம். பெண்கள் வீட்டு வேலைக்காக மட்டுமன்றித் தொழிற்சாலை வேலைக்காகவும் ஊர் விட்டுப் போனதை அவர் எடுத்துக் காட்டினார்.

பெயர்ச்சிக்குக் காரணம் என்ன? கொடிய சட்டம், கடும் வரி, ஒவ்வாத சுவாத்தியம், பலவந்தம் ஆகியவையும் மக்களைப் பெயர்க்கும் என அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும், வாழ்க்கை வசதியை உயர்த்திக்கொள்ளும் ஆசைக்கு ஈடாக இவற்றுள் எதுவும் நில்லாது என்பது அவர் தீர்ப்பு.

நான்கு வாயில்கள்

ஒரு நாட்டின் குடித்தொகை மாறுவதற்கு வாயில்கள் நான்கே உள்ளன. பிறப்பு, இறப்பு, குடிவரவு, குடியகல்வு என்பன அவை. இரண்டு குடிசன மதிப்புகளுக்கிடையே தொகை எவ்வளவு கூடியது என்று பார்த்து, அதிலிருந்து பிறப்புக்கும் இறப்புக்குமுள்ள வித்தியாசத்தைக் கழித்தால், எஞ்சுவது வந்தோருக்கும் போனோருக்குமுள்ள வித்தியாசம். துறைமுகத்திலே நின்று தலை எண்ணாவிட்டாலும் பெயர்ச்சியை அளந்துவிட இக்கணக்கு உதவுகின்றது.

இலங்கை முழுவதற்குமான முதற் குடிசன மதிப்பு 1871இல் நடைபெற்றது. அப்போது தொகை ஏறக்குறைய 24 இலட்சம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் மேற்பார்வையில் நடந்த 1901ஆம் ஆண்டு மதிப்பில் 35 இலட்சத்து 65 ஆயிரம். இம்முப்பது ஆண்டு வளர்ச்சியில் குடிவரவுக்குப் பெரும் பங்கு இருந்தது.

பின்னர் இறப்பு வாயில் ஒடுங்கத் தொடங்கியது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80 ஆயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவையடுத்து டீ.டீ.ரீ. மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டிலே 14 அளவுக்கு இறங்கியது. இதில் மலேரியா ஒழிப்புக்கு எவ்வளவு பங்கு, உணவுக்கும் வைத்திய வசதிக்கும் எவ்வளவு பங்கு என்பது பற்றி ஆராய்ச்சியாளரிடையே நெடுங்கால விவாதம் உண்டு. எவ்வாறாயினும், காய்ச்சலுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்கியிருந்த வரண்ட பிரதேசத்தின் கதவு திறந்தது. கல்லோயா முதலிய குடியேற்றத் திட்டங்கள் எழுந்தன. அமெரிக்க அறிஞர் எவரெட் லீ 1966இல் எழுதிய ஆராய்ச்சியில், புறப்படும் இடத்தின் நிலை, போய்ச் சேரும் இடத்தின் நிலை, ஆளின் சொந்த நிலை ஆகியவற்றோடு இடையிலுள்ள தடைகளையும் சேர்த்து எண்ணவேண்டும் என்றார். நுளம்பும் அத்தகைய ஒரு தடையே.

கோப்பியும் தேயிலையும்

ரேவன்ஸ்டைனின் விதிகளுக்கு இலங்கையிலே உரைகல் ஆகக்கூடியது மலைநாட்டின் வரலாறு. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஆண்கள். வள்ளத்திலே மன்னார்க் கரை சேர்ந்து, காடு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலே பலரை மாய்த்தன. கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் எஞ்சியோரிற் பெரும்பாலோர் தம் ஊருக்கே திரும்பினர். பெருக்கும் எதிர்ப்பெருக்கும் பருவந்தோறும் மாறி மாறி ஓடின. நெடுந்தூரம் போவோர் ஆண்களே என்ற விதியும் பொருந்தியது.

1869இல் கோப்பி இலையிலே நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி சரிந்து தேயிலை எழுந்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதைக் கிள்ளுவதற்குப் பெண்களின் கரங்கள் வேண்டப்பட்டன. ஆதலால் ஆண்கள் தனியே வந்து போன வழியிலே குடும்பம் குடும்பமாக வந்து லயங்களிலே தங்கினர். எதிர்ப்பெருக்கு மெலிந்தது. ஒரு செடி மாறியதால் ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர்ச்சி முறையே மாறிவிட்டது!

இந்தியத் தமிழரைத் தனியாக எண்ணிய முதல் மதிப்பு 1911ஆம் ஆண்டினது. அப்போது அவர் தொகை ஏறக்குறைய 5 இலட்சத்து 30 ஆயிரம். 1946இல் 7 இலட்சத்து 80 ஆயிரம். அவர்களுட் பெருந்தொகையினர் அதற்குள் இந்நாட்டிலேயே பிறந்தவராகிவிட்டனர். ஆயினும் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்தது. அவருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என வகுத்தது. மிகுந்த ஒன்றரை இலட்சம் பேரையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டன. நாடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வு காணும் சட்டம் 2003இல் நிறைவேறும்வரை இதன் எச்சம் நீடித்தது.

1971இல் 11 இலட்சத்து 74 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாகக் குறைந்தது. கப்பலேறிச் சென்றோர் போக, தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டோரும் இவ்வித்தியாசத்தினுள் அடங்குவர். சென்றவரிற் பலர் பாட்டனார் புறப்பட்ட கிராமத்தையும் சேரவில்லை. அங்கே அவருக்கு நிலமும் இல்லை, அறிமுகமும் இல்லை. நீலகிரியிலே அவர்களுக்கென்றே தமிழக அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கொழுந்து கிள்ளிய கை மீண்டும் கொழுந்தே கிள்ளியது. ஏட்டிலே இது எதிர்ப்பெருக்கு. அவர்களுக்கோ இது மற்றுமொரு புறப்பாடு.

விதியை விஞ்சிய பெண்கள்

காலம் செல்லச் செல்ல மற்றொரு விதியும் தலைகீழாயிற்று. 1970களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாக இலங்கைப் பெண்கள் செல்லத் தொடங்கினர். 1990களில் வெளிநாட்டு வேலைக்குச் சென்றோரிலே பெண்களின் தொகை ஆண்களின் தொகையை விஞ்சி நின்றது. ரேவன்ஸ்டைன் கண்ட பெண்கள் அயல் நகரத்து அடுக்களைக்குச் சென்றனர். நமது பெண்களோ பாலைவனத்து நாட்டு அடுக்களைக்குச் சென்றனர். போக்கின் தூரம் மாறியது. அவர்களைப் போக்கிய தேவை மாறவில்லை.

எண் சொல்லாதது

எண்ணிக்கையின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவது யாழ்ப்பாண மாவட்டம். 1981இல் அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். யுத்தத்தின் காரணமாக 1991இல் நாட்டிலே குடிசன மதிப்பே நடைபெறவில்லை. 2001இல் வடக்கிலும் கிழக்கிலும் அது முழுமையாக நிறைவேறவில்லை. 2012இல் மீண்டும் எண்ணியபோது யாழ்ப்பாணத்தில் இருந்தோர் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரே. இதே இடைக்காலத்தில் நாட்டின் மொத்தத் தொகையோ 1 கோடியே 48 இலட்சத்திலிருந்து 2 கோடியே 3 இலட்சமாக உயர்ந்திருந்தது. முப்பது ஆண்டுகளில் அங்கே எத்தனை தொட்டில்கள் ஆடியிருக்கும்! அத்தனையும் சேர்ந்தும் அந்தக் குறையை நிரப்ப முடியவில்லை.

ரேவன்ஸ்டைன் பலவந்தத்தைக் கடைக் காரணங்களுள் ஒன்றாக வைத்தார். அவர் கண்ட இங்கிலாந்துக்கு அது பொருந்தியிருக்கலாம். நமது ஏடுகளைப் புரட்டும் எவரும் அதனை அவ்வளவு எளிதாகக் கடைசியில் வைக்க மாட்டார். பிறந்த இடம் வேறு, வாழும் இடம் வேறு என்பதைக் குடிசன மதிப்பு காட்டிவிடும். விரும்பிப் போனவரும் விரட்டப்பட்டவரும் அந்த நிரலிலே ஒரே எண்ணாகவே நிற்பர்.

ஆகவே, எண்ணை விளக்குவதற்கு வாய்மொழியும் வேண்டும். எந்த ஆண்டிலே, எந்த வழியாக, யாரோடு, எதற்காக வந்தோம் என்பது முதியோரின் நினைவிலேதான் தங்கியிருக்கின்றது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதனைக் கேட்டு, குடும்பத்துக்கு ஒரு குறிப்பேடாக எழுதி வைப்போமாக. நாட்டின் கணக்கு எவ்வளவு பெரிதாயினும், அதில் விடுபட்ட காரணத்தை எழுதவேண்டிய பொறுப்பு அவ்வவ் வீட்டாருடையதே.