சும்மா இருக்கும்போது எத்தனை வாட்?

வீட்டுக் கோப்பு சர்வர் என்பது, வீட்டிலுள்ள கைப்பேசியும் மடிக்கணினியும் டிவியும் ரவுட்டர் வழியாக வந்து போக, ஒரு ஹார்டு டிஸ்க்கை எந்நேரமும் திறந்து வைத்திருக்கும் கணினி. இரவில் கைப்பேசிப் படங்களின் நகலை வாங்கி வைக்கும். விடுமுறை நாளில் ஒரு சினிமாவை டிவிக்கு அனுப்பும். மற்ற நேரமெல்லாம் சும்மாதான் இருக்கும். ஆகவே இதை வாங்கும்போது வேகத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, சும்மா இருக்கையில் எத்தனை வாட் இழுக்கிறது என்பது.

இப்படி ஒன்று வீட்டுக்கு எதற்கு என்றால், காரணம் கைப்பேசிதான். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் அசெம்பிள் ஆகும் ஐபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் ஒரு நிமிடம் எடுத்தால் சுமார் 170 எம்.பி. ஆகும். ஐகிளவுடில் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜி.பி., அரை மணி நேரப் படத்துக்குக் காணாது. கூகுள் தரும் 15 ஜி.பி.யில் மின்னஞ்சலும் சேர்த்தி. அதற்கு மேல் மாத வாடகைதான்.

மின்சாரக் கணக்கு எளியது. இரவும் பகலும் ஓடும் கருவியின் வாட்டை 1.44ஆல் பெருக்கினால், இரண்டு மாத பில்லில் அது சேர்க்கும் யூனிட் வந்துவிடும். பரணில் கிடக்கும் பழைய டவர் கணினியைத் தூசி தட்டி சர்வராக்கினால், மானிட்டர் இல்லாமலேயே 60 வாட் இழுக்கலாம். அது 86 யூனிட். 2024 நிலவரப்படி இரண்டு மாதத்துக்குத் தமிழ்நாடு அரசு தந்த இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி போயிற்று. 10 வாட் கருவிக்கு 14 யூனிட்தான். 2024 கட்டணத்தில், 201 முதல் 400 வரையிலான அடுக்கில் ஒரு யூனிட் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. டவருக்கு இரண்டு மாதத்தில் 400 ரூபாய், சிறியதற்கு 70 ரூபாய்க்குள். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் வித்தியாசம். ஏசி ஓடும் வீட்டில் இந்த 86 யூனிட்டே மொத்தத்தை 500க்கு மேல் தள்ளிவிட்டால், தொடக்க அடுக்கின் சலுகை விலையும் கைவிட்டுப் போகும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் படப்பையிலோ வல்லத்திலோ வாடகைக்கு இருந்து, வீட்டுக்காரரின் சப்-மீட்டருக்கு யூனிட் கணக்கில் பணம் கொடுப்பவருக்கு இலவச யூனிட் என்ற பேச்சே இல்லாமலும் போகலாம். சும்மா கிடைத்த டவர் இப்படித்தான் செலவு வைக்கிறது.

சிறிய கணினிகளில் மூன்று வகை நம் கைக்கு எட்டும். முதலாவது ராஸ்பெரி பை. 2018இல் வந்த 3பி+ வரை அதன் நெட்வொர்க் போர்ட் யு.எஸ்.பி. 2 வழியாகத்தான் போனது, கோப்பு சர்வருக்கு அது குறுகிய வழி. 2019இன் பை 4இல்தான் முழு ஜிகாபிட்டும் யு.எஸ்.பி. 3உம் வந்தன. சில வாட்டில் ஓடும். ஆனால் அடாப்டர், பெட்டி, மெமரி கார்டு, டிஸ்க்குக்குத் தனி இணைப்பு என்று சேர்த்துப் பார்த்தால் மலிவு என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். யு.எஸ்.பி. போர்ட்கள் எல்லாவற்றுக்குமாக பை 4 தருவது 1.2 ஆம்பியர், தனி மின்சாரம் இல்லாத இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை அதில் தொங்கவிடக் கூடாது.

இரண்டாவது, இன்டெல் 2023இல் கொண்டுவந்த என்100 சிப் உள்ள மினி பிசி. புதிதாக வாங்குபவருக்கு இது நல்ல தேர்வு, வாட்டும் குறைவு. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மடிக்கணினி, டேப்லெட்டோடு இந்த மிகச்சிறு கணினிகளின் இறக்குமதிக்கும் மத்திய அரசு கட்டுப்பாடு அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூர் போன்ற இடங்களில் கணினி உற்பத்தியைப் பெருக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று.

மூன்றாவதுதான் ஸ்ரீபெரும்புதூர் பகுதிக்குப் பொருத்தமானது: அலுவலகத்தில் ஓடி ஓய்ந்த சிறிய மேசைக்கணினி. டெல் நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2007இல் தொடங்கியது. எச்.பி. கணினிகளும் அதே ஊரில் ஃபிளெக்ஸ் ஆலையில் தயாராகின்றன. இந்த வகையில் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி. எலைட்டெஸ்க் மினி, லெனோவோ டைனி ஆகிய மூன்றும் தடித்த புத்தகம் அளவிலான பெட்டிகள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. அலுவலகங்கள் இவற்றைக் கழித்துவிடுவதற்கு அதுவே போதும். சென்னை ரிச்சி தெருவில் இவை செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும். லினக்ஸ் ஓடும் சர்வருக்கு அந்தத் தடையே கிடையாது. அடாப்டரில் 65 வாட் என்றிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உச்ச அளவு. சும்மா இருக்கும்போது பத்து வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். பிராசசர் பெயரின் கடைசியில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது குறைந்த மின்சார வகை. டெல் வாங்கினால் அதன் சொந்த அடாப்டரையே கேட்டு வாங்க வேண்டும். வேறொன்றைச் செருகினால் கணினி அதை அடையாளம் காணாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மைக்ரோ பெட்டிக்குள் ஒரு 2.5 அங்குல டிஸ்க்கும் ஒரு எம்.2 எஸ்.எஸ்.டி.யும் அடங்கும். வீட்டுக்கு அது போதும். 3.5 அங்குல டிஸ்க் வேண்டும் என்றால் அது வெளியேதான் இருக்க வேண்டும், தனியாக 12 வோல்ட்டும் கேட்கும். சுற்றிக்கொண்டு சும்மா இருப்பதற்கே ஐந்து வாட் எடுக்கும். அப்படி இரண்டு இருந்தால் கணினி எடுக்கும் அளவை அவையே எடுத்துவிடும். கணினியில் மிச்சம் பிடித்ததை டிஸ்க்கில் விட்டால் என்ன பயன்?

நெட்வொர்க்கில் கோட்டை விடுவோர் அதிகம். ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் நொடிக்கு 11 எம்.பி.தான் போகும், 100 ஜி.பி.யை ஏற்ற இரண்டரை மணி நேரம். ஜிகாபிட் போர்ட்டில் கால் மணி நேரம். புதிய கணினி வாங்கும் முன் ரவுட்டரைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. மென்பொருளுக்குச் செலவே இல்லை. டெபியன் லினக்ஸ் மீது நிற்கும் ஓபன்மீடியாவால்ட் இலவசம். விண்டோஸ் கணினிகளோடு அதைப் பேச வைக்கும் சாம்பாவை ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991இன் இறுதியில் எழுதத் தொடங்கினார். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். வழி போதும், ரவுட்டரில் போர்ட் திறந்து சாம்பாவை இணையத்தில் நேராக விடுவது திருடனுக்குச் சாவி கொடுப்பது.

கரண்ட் போய் வருவதுதான் டிஸ்க்குக்கு ஆபத்து. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதன் பின்புற ஸ்விட்ச் ‘யூபிஎஸ்’ நிலையில் இருக்க வேண்டும். சாதாரண நிலையில் மாறுவதற்கு ஆகும் தாமதத்தில் கணினி அணைந்துவிடக் கூடும். ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ், 12 வோல்ட் அடாப்டர் உள்ள மினி பிசிக்கு மட்டுமே, அதுவும் ஆம்பியர் போதுமானால் மட்டுமே சரிப்படும். ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ 19.5 வோல்ட் கேட்பது. பயாஸில் ‘ஏசி ரிகவரி’யை ‘பவர் ஆன்’ என்று வைத்துவிட்டால் மின்சாரம் திரும்பியதும் சர்வர் தானே எழுந்துகொள்ளும். ஷிஃப்ட் முடிந்து வந்து யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை.

இரண்டு டிஸ்க்கைப் போட்டு ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும் ரெய்டு முறை, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். தவறுதலாக அழித்த கோப்பை அது இரண்டிலும் அழித்துவிடும். வெள்ளத்துக்கும் அது பதில் அல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சர்வரைத் தரையில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில், காற்றோட்டம் உள்ள பக்கமாக வையுங்கள். இன்னொரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊர் போகும்போது அங்கேயே வைத்துவிட்டு, அங்கிருக்கும் பழையதை எடுத்து வாருங்கள். அந்த டிஸ்க்குக்கு மின் செலவே இல்லை.