சத்திரசிகிச்சை செய்த பிறகும் நாயும் பூனையும் இணை தேடுவது ஏன்?

ஊரில் நாயும் பூனையும் வளவில் வளர்ந்தன. அவை எதனோடு கூடின, எங்கே குட்டி போட்டன என்று நாம் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. இங்கு கனடாவில் அவை வீட்டுக்குள்ளே பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்யப்படுகிறது. அப்படியிருந்தும், விருந்தினரின் காலைக் கட்டிப்பிடித்து நாய் ஏறும்போது வீட்டார் கூசிப்போகிறார்கள். "டொக்டர், ஒப்பரேஷன் சரியாகச் செய்யவில்லையோ?" என்று என்னிடமே சிலர் கேட்பதுண்டு.

நான் மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவன். மிருக வைத்தியன் அல்ல. ஆனால் இந்தக் கேள்வியில் ஹோர்மோன் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் உங்கள் சொந்த மருந்தும் சம்பந்தப்படலாம். ஆகவே சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

சத்திரசிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

மனிதருக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாட்டில் குழாய்கள் மட்டுமே துண்டிக்கப்படுகின்றன. ஹோர்மோன் சுரப்பு வழமைபோல் தொடரும். நாய், பூனைகளில் பொதுவாக அப்படியல்ல. ஆணில் இரண்டு விதைகளும், பெண்ணில் சூலகங்களும் (பல வேளைகளில் கருப்பையும் சேர்த்து) அகற்றப்படுகின்றன. ஆணின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் சில நாட்களுக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் குழாய்களில் ஏற்கெனவே தங்கியுள்ள விந்தணுக்கள் சில வாரங்கள் உயிருடன் இருக்கலாம். எனவே வீட்டில் சத்திரசிகிச்சை செய்யாத பெண் விலங்கு இருந்தால், ஆணை ஆறு வாரங்களாவது பிரித்து வைப்பது நல்லது.

பிறகும் ஏன் ஏறுகிறது?

மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, ஆணின் மூளை பிறப்பதற்குச் சற்று முன்னும் பின்னும் டெஸ்டோஸ்டெரோனால் ஆண் தன்மைக்கு அமைக்கப்பட்டுவிடுகிறது. பின்னர் விதைகளை எடுப்பதால் அந்த அமைப்பு மாறுவதில்லை. இரண்டாவது, ஏற்கெனவே இணைசேர்ந்து பழகிய விலங்குக்கு அந்தப் பழக்கம் நினைவில் நிற்கும். மூன்றாவது, ஏறுவது எல்லாம் இணைசேரும் நோக்கம் அல்ல. சில வாரக் குட்டிகளும், பெண் நாய்களும்கூட ஏறும். விளையாட்டு, மிகுந்த உற்சாகம், பதற்றம் எல்லாம் இதற்குக் காரணமாகலாம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 57 ஆண் நாய்களைப் பற்றி 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறுதல், வீட்டுக்குள் சிறுநீர் தெளித்தல், ஊர் சுற்றுதல் ஆகியவை 60 வீதமான அல்லது அதற்கு மேற்பட்ட நாய்களில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. ஆனால் ஏறக்குறைய முற்றாக நின்றது 25 முதல் 40 வீதமானவற்றில் மட்டுமே. பூனைகளிலும் சத்திரசிகிச்சை செய்த ஆண்களில் பத்தில் ஒன்று அளவில் சிறுநீர் தெளிப்பதைத் தொடர்கிறது. ஆகவே பழக்கம் மிச்சமிருப்பதை வைத்துச் சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

நாயை அடிக்காதீர்கள். அடித்தால் பதற்றம் கூடி, அதே பழக்கமும் கூடலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இருக்கச் சொல்லி, விளையாட்டுப் பொருளொன்றைக் கொடுத்துக் கவனத்தைத் திருப்புங்கள். பிள்ளைகள் கேட்டால், "அதற்கு உற்சாகம் கூடிவிட்டது" என்று சொன்னாலே போதும்.

எப்போது அலட்சியம் கூடாது?

1. சத்திரசிகிச்சை செய்த பெண் பூனை இரவுபகலாகக் கத்தி, தரையில் உருண்டு, பின்புறத்தைத் தூக்குவது; பெண் நாய்க்கு இரத்தக் கசிவு ஏற்பட்டு ஆண் நாய்கள் பின்தொடர்வது. சூலகத்தின் சிறு துண்டொன்று உள்ளே தங்கியிருக்கலாம். இது சில மாதங்களோ வருடங்களோ கழித்தும் தெரியவரும். இரத்தப் பரிசோதனை மூலம் கண்டறிந்து, அந்தத் துண்டை அகற்றலாம்.

2. ஆண் பூனை அடிக்கடி மணல் பெட்டிக்குப் போய் முக்குவது, கத்துவது, பின்பகுதியை ஓயாமல் நக்குவது. இதைக் காமக் குணம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். சிறுநீர் வராவிட்டால் ஓரிரு நாட்களில் உயிர் போய்விடும். நடு இரவானாலும் அவசர மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

3. மாதவிடாய் நின்ற பெண்கள் சிலர் ஈஸ்ட்ரோஜன் ஜெல் அல்லது ஸ்பிரேயைக் கையில் பூசுகிறார்கள். அந்தத் தோலை நாய் நக்கினாலோ, பூனை மடியில் கிடந்து உரசினாலோ மருந்து அதன் உடலில் சேரும். சத்திரசிகிச்சை செய்த பெண் விலங்குக்கும் முலைக்காம்பும் பிறப்புறுப்பும் வீங்கி, இணை தேடும் காலம் போலத் தோன்றும். இத்தகைய ஸ்பிரே ஒன்றைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையில் வீட்டு விலங்குகள் மட்டுமல்ல, மார்பு வளரத் தொடங்கிய சிறு பிள்ளைகளும் அடங்குவர்.

இந்த மூன்றாவது விடயத்தில் நாயைவிடப் பேரப்பிள்ளையைப் பற்றியே எனக்குக் கூடுதல் கவலை. மருந்து பூசியதும் கைகளைக் கழுவுங்கள். பூசிய இடம் காய்ந்த பின் சட்டைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். நாயில் இப்படி ஒரு மாற்றத்தைக் கண்டால், நீங்கள் பாவிக்கும் மருந்தை மிருக வைத்தியரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். உங்கள் குடும்ப வைத்தியருக்கும் தெரிவியுங்கள். அவரைக் கேளாமல் மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.