சுழலட்டும் புரொப்பெல்லர்

பழைய போர் விமானங்கள் அணிவகுத்துப் பறக்கும் படங்கள் பலவற்றில் ஒரு பெரிய குறை இருக்கிறது. இறக்கையில் அறைந்த ரிவிட்டுகளைக்கூட எண்ணிவிடலாம். மூக்கில் உள்ள புரொப்பெல்லர் மட்டும் அசையாமல் நின்றிருக்கும். இன்ஜின் அணைந்துபோன விமானம் ஆகாயத்தில் தொங்குவதுபோலத் தெரியும். ஜெட் விமானங்களை எடுத்துப் பழகியவர்கள் 1/1000 நொடியிலோ அதைவிட வேகமாகவோ ஷட்டரை வைப்பதுதான் காரணம். ஜெட்டுக்கு அது சரி. அதில் வெளியே சுழல்வது எதுவும் இல்லை. புரொப்பெல்லர் விமானத்துக்கோ ஷட்டர் வேகத்தைத் துணிந்து குறைத்தே ஆக வேண்டும்.

பிரிட்டிஷ் விமானப்படை 1957 முதல் பேணிவரும் ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன் மெமோரியல் ஃப்ளைட்’ அணியை எடுத்துக்கொள்வோம். நடுவில் 31 மீட்டர் இறக்கை விரித்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம். இருபுறமும் அதில் பாதி அகலம்கூட இல்லாத ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும். மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள் தயாராயின. இன்று பறக்கக்கூடியவை இரண்டே. ஒன்று இந்த அணியில், மற்றொன்று கனடாவின் ஹாமில்டனில். லங்காஸ்டரின் மெர்லின் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடுவதாக வைத்துக்கொண்டால், பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து புரொப்பெல்லரை ஏறக்குறைய 840 சுற்றில் ஓட்டுகின்றன. அதாவது நொடிக்கு 14 சுற்று. 1/1000 நொடியில் இலை நகர்வது வெறும் 5 பாகை. படத்தில் அது நின்றே போகும். 1/250இல் 20 பாகை, 1/125இல் 40 பாகை. மூன்று இலைகளும் சேர்ந்து முழு வட்டமாகத் தெரிய 1/40 வரை இறங்க வேண்டும். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1/125இலேயே சுழற்சி கண்ணுக்குப் புலப்படும்.

‘ஷட்டரைக் குறைத்தால் விமானமே கலங்கிவிடுமே’ என்பார்கள். நியாயமான பயம்தான். அணிவகுப்பில் சிக்கல் இன்னும் கூடும். பக்கத்து விமானி தலைமை விமானத்தையே பார்த்தபடி, திராட்டிலைக் கணத்துக்குக் கணம் கூட்டிக் குறைத்துத் தன் இடத்தைக் காக்கிறார். அதனால் அவர் விமானம் சிறிது முந்தும், பிந்தும். கேமரா தலைமை விமானத்தைத் தொடர்ந்தால் பக்கத்து விமானம் லேசாக மங்கக்கூடும். இதற்கு வழி, முதலில் 1/250இல் சில படங்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு பிறகு 1/125க்கு இறங்குவது. விமானம் நேர் எதிரே கடக்கும் இடத்தை நோக்கிக் காலை ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. விமானங்கள் வளையும்போது மூக்கும் வாலும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால், நேராகக் கடக்கும் தருணமே நல்லது. பத்துப் படத்தில் ஒன்று தேறினாலும் அந்த ஒன்றில் உயிர் இருக்கும்.

‘கணினியில் சுழற்சியை வரைந்துகொள்ளலாமே’ என்பது இன்னொரு வாதம். வரையலாம், ஆனால் அது நடந்ததன் பதிவாகாது. நின்ற புரொப்பெல்லரை அருங்காட்சியகத்திலேயே சாவகாசமாக எடுத்துவிடலாம். எண்பது வயது இன்ஜினை இத்தனை பேர் பாடுபட்டு ஓடவைப்பது, அது ஓடுவதைக் காட்டத்தானே? கேமராவுக்குள்ளேயே முடங்கினால் காட்சியை இழப்போம் என்பதை மட்டும் மறுப்பின்றி ஏற்கிறேன். இறக்கைகளுக்கிடையே அந்த இடைவெளி குலையாமல் மூன்றும் ஒன்றாகத் திரும்புவதை வெறுங்கண்ணால்தான் முழுதாகப் பார்க்க முடியும். மெர்லினின் கனத்த முழக்கமோ படத்தில் வரவே வராது.

நம் விமானப்படையிடமும் டகோட்டா, ஹார்வர்ட் போன்ற பழைய விமானங்கள் பறக்கும் நிலையில் உள்ளன. 2024 அக்டோபரில் சென்னை மெரினாவுக்கு மேலே பறந்தன. மீண்டும் வந்தால் முதல் சுற்றைக் கண்ணாலும் காதாலும் அனுபவியுங்கள். அடுத்த சுற்றுக்கு ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கி, ஷட்டரை 1/125இல் வைத்துக் காத்திருங்கள்.