மின்சாரம் திரும்பும்போது கணினி என்ன செய்யும்?

ஹட்டனில் மழைக்காற்று தொடங்கினால் மின்சாரம் போகும், வரும், மறுபடி போகும். அப்படியொரு மாலை, தானாகவே இயங்கத் தொடங்கிய என் மேசைக் கணினி பாதியில் அணைந்தது. அதன்பின் வன்தட்டு திறக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடம் வடக்கில் பதிவுசெய்த குரல்கள் அதில் இருந்தன. பிரதி இருந்ததால் தப்பினேன்.

2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். இந்த அமைப்பை அறிந்திருப்பது நல்லது.

கணினியை இயக்கியதும் ‘டிலீட்’ அல்லது ‘எஃப்2’ விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். பெரும்பாலான கணினிகளில் பயோஸ் திறக்கும். மின்சாரம் தொடர்பான பகுதியில் ‘ரீஸ்டோர் ஒன் ஏசி பவர் லொஸ்’ அல்லது அதையொத்த பெயர் இருக்கும். ‘பவர் ஒன்’ என்றால் மின்சாரம் வந்ததும் கணினி தானே இயங்கும். ‘லாஸ்ட் ஸ்டேட்’ என்றால், மின்சாரம் போனபோது இயங்கிக்கொண்டிருந்தால் மட்டும் இயங்கும். ‘பவர் ஓஃப்’ என்றால் நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். நமக்கு ஏற்றது அதுவே. பெரும்பாலும் ‘எஃப்10’ அழுத்திச் சேமிக்கலாம்.

மின்தடைக்குப்பின் நேரமும் அமைப்பும் மாறிப்போனால், தாய்ப்பலகையிலுள்ள ‘சிஆர்2032’ மின்கலத்தை மாற்றிப் பாருங்கள்.

இடிமின்னலை இந்த அமைப்பு தடுக்காது. செருகியைக் கழற்றிவிடுங்கள். பிரதியொன்றை வேறு வீட்டில் வையுங்கள். என்னிடம் பேசிய தாய்மாரில் சிலர் இன்று இல்லை. அவர்களிடம் மறுபடி கேட்க முடியாது.